வால்வைத் தேடியபோது அகப்பட்ட மாப்பிள்ளை

போன வாரம் உங்கள் அலுவலகத்தில் காப்புரிமைத் தேடல் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், கரெக்டான கீவேர்டு போட்டா போதும்ல? மீதிய சிஸ்டம் பாத்துக்கும்ல?" என்று கேட்டாள். நான் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உள்ளே கிடந்த பழைய கோபம் ஒன்றை அவள் தெரியாமல் கிளறிவிட்டாள். ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும் அது ஆறவில்லை. எழுதினாலாவது ஆறுமா என்று பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மயிலாப்பூரில், லஸ் பக்கம், ஒரு காப்புரிமை ஏஜெண்டின் அலுவலகத்தில் தேடல் வேலையில் இருந்தேன். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று வந்தால், அது இதற்கு முன் எங்காவது வெளியாகியிருக்கிறதா என்று தேடிச் சொல்ல வேண்டும். வெளியாகியிருந்தால் காப்புரிமை கிடையாது. யார் வெளியிட்டார்கள் என்பது கணக்கில்லை. கண்டுபிடித்தவரே வாயை விட்டிருந்தாலும் போனது போனதுதான். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் எங்கள் தொழிலில் பாதி ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அப்போதுதான் இணையம் வந்திருந்தது. அலுவலகத்தில் இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு. நான் இணையத்தில் இருந்தால் எங்கள் சாருக்கு யாரும் போன் செய்ய முடியாது. "போன விடும்மா, கட்சிக்காராள்ளாம் நான் செத்துப் போய்ட்டேன்னு நெனச்சுண்டுருப்பா" என்று அறைக்குள்ளிருந்து கத்துவார். நானும் பதிலுக்குக் கத்துவேன். நல்ல மனிதர், கெட்டிக்காரர். தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போட்ட பிச்சை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அவரைத் திட்டப் போகிறேன்.

கே.கே. நகரில் மோட்டார் பம்ப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்த செல்லையா அண்ணாச்சி எங்களிடம் ஒரு வால்வோடு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சென்னைக்கு வந்து தலை நரைத்த பிறகும் பேச்சு மாறவில்லை.

அந்த வருடங்களில் சென்னையில் குடியிருந்தவர்களுக்கு அந்த வால்வின் அருமை புரியும். காலையில் மோட்டாரைப் போட்டால் அது தண்ணீர் இழுக்காமல் சும்மா உறுமிக்கொண்டிருக்கும். குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் மணல் சிக்கி, அது சரியாக மூடாமல், குழாயில் நின்ற தண்ணீரெல்லாம் கீழே இறங்கிப் போயிருக்கும். உடனே யாராவது சொம்போடு ஓடி வந்து மோட்டாரின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அண்ணாச்சி அந்த வால்வுக்கு அடியில் இன்னொரு சின்ன ரப்பர் இதழ் வைத்தார். மோட்டார் நின்றதும் கீழே இறங்கும் தண்ணீரே அந்த இதழைச் சுழற்றி, மணலை உதறித் தள்ளிவிடும். அதற்குப் பிறகுதான் வால்வு மூடும். 'உதறு வால்வு' என்று பெயரும் வைத்திருந்தார்.

ஒரு பெரிய பம்ப் கம்பெனி அதை வாங்கத் தயாராக இருந்தது. காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு வாருங்கள், உரிமம் எழுதிக்கொண்டு நாங்களே தயாரிக்கிறோம், பெட்டியில் உங்கள் பெயரையும் போடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். வால்வு வேலை செய்வதை மட்டும் அவர்களுக்குக் காட்டினாராம். எவ்வளவு கேட்டும் திறந்து காட்டவில்லையாம். அந்த அளவுக்கு விவரமானவர். விண்ணப்பம் இல்லையென்றால் கம்பெனிக்கு இவர் தயவு தேவையில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

நான் அவரை உட்காரவைத்துச் சொன்னேன்: "அண்ணாச்சி, நாங்க தேடி முடிச்சு விண்ணப்பம் போடற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"நான் ஏம்மா சொல்லப் போறேன்? என் கூட வேலை செய்யுற பயலுக்கே முழுசாத் தெரியாது" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, இங்கே ஒன்று சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் 'யாரிடமும்' என்றால் அதில் வீட்டு மனிதர்கள் சேர்த்தி இல்லை. வெளியாளிடம் சொல்லக்கூடாது என்றுதான் அவர்கள் புரிந்துகொள்வார்கள். மனைவியிடம் சொல்லாதீர்கள், மச்சானிடம் சொல்லாதீர்கள், சம்பந்தியிடம் சொல்லாதீர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எச்சரிக்க வேண்டும். கட்சிக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

தேடினேன். காப்புரிமை எழுதுகிறவர்கள் எதையும் கடையில் கேட்கும் பெயரில் எழுத மாட்டார்கள். ஃபுட் வால்வு என்று தேடினால் நாலு வரும். செக் வால்வு என்றால் நாற்பது வரும். 'திரவத்தை ஒரே திசையில் மட்டும் அனுமதிக்கும் சாதனம்' என்று ஒரு புண்ணியவான் எழுதியிருப்பான், அதற்குள்தான் விஷயம் இருக்கும். மணல், வண்டல், துகள், திடப்பொருள், உதறுதல், சுழற்றுதல், தானே சுத்தமாதல் என்று என்னென்னவோ சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் போட்டுப் பார்த்தேன். அண்ணாச்சியின் இதழைப் போல எதுவும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முடிவில் ஒரு வேலை பாக்கி இருந்தது. கட்சிக்காரர் தன் வாயால் எப்படிச் சொன்னாரோ, அதே பாமரச் சொற்களைப் போட்டுக் காப்புரிமைத் தளங்களுக்கு வெளியேயும் ஒரு தடவை தேட வேண்டும். "திருடனும் முட்டாளும் நம்ம கட்சிக்காரன் பாஷைலதாம்மா பேசுவா" என்று சார்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்போது இணையத்தில் செய்திக் குழுக்கள் என்று இருந்தன. உலகத்தில் எவன் வேண்டுமானாலும் கேள்வி எழுதிப் போடலாம், எவன் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்தப் பழைய பதிவுகளைத் தேடித் தரும் தளம் ஒன்றும் இருந்தது. அதில் ஃபுட் வால்வு, மணல், ரப்பர், உதறு என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் போட்டேன்.

ஒன்றே ஒன்று வந்தது.

பக்கம் மேலிருந்து கீழாக, மெதுவாக இறங்கியது. முதலில் எழுத்து. 'என் அப்பா சென்னையில் ஒரு ஃபுட் வால்வு செய்திருக்கிறார். காப்புரிமைத் தளத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. இதுபோல யாராவது பார்த்ததுண்டா?' அதற்குக் கீழே ஒரு படம். அந்தக் குழுக்களில் படம் போட வழியில்லாததால், விசைப்பலகையில் இருக்கும் கோடு, சாய்கோடு, புள்ளி, அடைப்புக்குறி இவற்றை வைத்தே வரைந்திருந்தது. குழாயின் சுவர், வால்வு உட்கார்ந்து மூடும் இருக்கை, அதற்கடியில் அந்த ரப்பர் இதழ். இதழ் எந்தக் கோணத்தில் சாய வேண்டும் என்பது உட்பட அத்தனை துல்லியம். லேத்து வைத்திருக்கும் எவனும் அதைப் பார்த்துச் செய்துவிடலாம்.

யாரோ இன்னொருவருடைய அப்பாவும் இதையே கண்டுபிடித்துவிட்டார் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் அடியில் பெயர் வந்தது. அண்ணாச்சி எங்கள் அலுவலகத்தில் வந்து உட்காரும்போதெல்லாம் வாய் நிறையச் சொல்லும் பெயர். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த அவருடைய மாப்பிள்ளை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டை எடுத்துச் சுவரில் அடித்திருப்பேன், அலுவலகச் சொத்து என்பதால் விட்டேன். அச்செடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத யாரும்மா பாக்கப் போறா? உலகத்துல எத்தன குப்ப கெடக்கு! ரிப்போர்ட்ல எழுதாம விட்டுடு. நாளைக்கே ஃபைல் பண்ணிடலாம்" என்றார்.

"நான் பாத்தேனே சார். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி தேடித்தான் பாத்தேன். கம்பெனிக்காரன் ஆள் வச்சுத் தேட மாட்டானா?"

"கிழிப்பான்."

"அப்ப ரிப்போர்ட்ல நீங்களே கையெழுத்துப் போடுங்க. நான் போட மாட்டேன்."

"என்ன, எனக்கே வித்தை காட்டறியா?" என்று எழுந்துவிட்டார். பக்கத்து அலுவலகத்துக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். நானும் குறைக்கவில்லை. வந்த பதிவை மறைத்துவிட்டுத் தேடினேன் என்று எழுத, தேடவே வேண்டாமே! இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. கடைசியில் அவரே உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, சட்டப் புத்தகத்தைத் திறந்தார்.

ஒரு வழி இருந்தது. கண்டுபிடித்தவரிடமிருந்து விஷயத்தைப் பெற்ற ஒருவர், அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட்டிருந்தால், அந்த வெளியீடு அவருக்கு எதிராகச் செல்லாது. ஆனால் தெரிந்தவுடன் தாமதிக்காமல் விண்ணப்பம் போட வேண்டும். என்னைக் கேட்காமல் இன்னார் வெளியிட்டுவிட்டார் என்று பெயர் சொல்லிப் பிரமாணப் பத்திரமும் கொடுக்க வேண்டும். "போ, கையெழுத்து வாங்கிண்டு வா. இன்னிக்கே" என்றார் சார்.

ஆட்டோ பிடித்தேன். கே.கே. நகருக்குள் நுழையும்போது வண்டி நின்றுவிட்டது. "இன்னா பண்ண சொல்ற மேடம், தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்துக்கினு கீது" என்றார் ஓட்டுநர். குடங்களோடு தெருவே திரண்டு நின்றது. நான் இறங்கி நடந்தே போனேன்.

அண்ணாச்சி பட்டறையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். காகிதத்தைக் காட்டினேன். படத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துவிட்டது.

"தேடுறதுக்கு நாளாகும்னு சொன்னீங்கல்லா மேடம். அங்க கம்ப்யூட்டரு படு வேகம்னாங்க. அதான் மாப்ள ஆபீசுக்கு வரைபடத்த ஃபேக்ஸ் போட்டு, தேடிப் பாக்கச் சொன்னேன். தேடத்தான் சொன்னேன். இப்படிப் போடச் சொல்லலியே!"

"அதத்தான் எழுதிக் குடுக்கணும் அண்ணாச்சி. தேடச் சொன்னேன், வெளியிடச் சொல்லலைன்னு. உண்மையத்தான் எழுதப் போறோம்."

"மேல என்ன எழுதியிருக்காரு? படிச்சுச் சொல்லுங்க."

தமிழில் சொன்னேன். 'என் அப்பா' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாமனார்னு போடலியா?"

"இல்ல. அப்பான்னுதான் இருக்கு."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கிரீஸ் கையால் துடைக்க முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "பெத்த அப்பன் மாதிரில்லா நெனச்சிருக்காரு! இவரு மேல போயி நான் புகார் எழுதுததா?"

புகார் இல்லை, வாக்குமூலம்தான் என்றேன். கோர்ட் கிடையாது, போலீஸ் கிடையாது என்றேன். கம்பெனிக்காரன் உங்கள் வால்வைத் தன் பெயரில் விற்பான், நீங்கள் வேடிக்கை பார்ப்பீர்கள் என்றும் சொன்னேன். பட்டறை வாசலில் போகிறவர்கள் நின்று கேட்கும்படி சொன்னேன். எதற்கும் அசையவில்லை.

"வால்வு போனா இன்னொண்ணு செய்வேன் மேடம். மாப்ள பேர எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, எம்பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்? கண்காணாத ஊர்ல அவர நம்பில்லா இருக்கா!"

"அப்ப பொண்ணுகிட்டயே கேளுங்களேன்."

"அவகிட்ட மூச்சு விடக்கூடாது. நீங்களும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

கட்சிக்காரர் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் தர்மம். அதற்கு மேல் சத்தியம் வேறு. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். விண்ணப்பமே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். போட்டால், என்றைக்காவது எதிர்ப்பு வரும்போது மாப்பிள்ளை பெயர் வெளியே வருமாம். சார் அதற்குப் பிறகு இரண்டு தடவை போனில் கெஞ்சிப் பார்த்தார். "குடும்பம்னா அப்படித்தாம்மா" என்று கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்தார். குடும்பமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனி காத்திருந்து பார்த்தது. விண்ணப்பம் இல்லை என்று அண்ணாச்சியே அவர்களிடம் சொல்லிவிட்டார், பொய் சொல்லத் தெரியாதவர். சில மாதங்களில் அவர்களுடைய புது வால்வு கடைக்கு வந்தது. ஒன்று வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். அதே ரப்பர் இதழ், அந்தப் படத்தில் இருந்த அதே சாய்வு. அவர்களும் தேடியிருக்கிறார்கள், அதே சொற்களைப் போட்டு. அவர்களுக்கும் அந்த ஒன்று வந்திருக்கிறது. சட்டப்படி ஒரு வார்த்தை கேட்க முடியாது. கே.கே. நகரில் வீடு வீடாகப் போய் அந்த வால்வை மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. "நல்ல வால்வுங்க, மணல் நிக்காது" என்று சொல்லித்தான் மாட்டினாராம்.

அந்த மார்கழியில் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் செல்லையா பொண்ணு. அமெரிக்காலேர்ந்து லீவுக்கு வந்திருக்கேன்" என்றாள். கடையில் அந்தக் கம்பெனி வால்வைப் பார்த்திருக்கிறாள். அப்பாவிடம் கேட்டால், விடும்மா என்கிறாராம். அம்மாதான் எங்கள் விலாசத்தைச் சொல்லியிருக்கிறார்.

"போன்ல கேட்டப்பல்லாம் நடக்குதும்மா, நடக்குதும்மான்னார். எங்கப்பா செஞ்ச வால்வு எப்படி மேடம் இன்னொருத்தன் பேர்ல வந்துது? நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

அந்தக் கேள்வியில் எனக்குச் சுருக்கென்றது. இனிமேல் சத்தியத்தைக் காப்பாற்றி யாருக்கு என்ன லாபம்? கோப்பை எடுத்து, அந்தக் காகிதத்தை அவள் முன்னால் போட்டேன். "உங்க வீட்டுக்காரரத்தான் கேக்கணும்" என்றேன். வேண்டுமென்றே குத்தலாகத்தான் சொன்னேன்.

அவள் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

"இது அவர் எழுதலையே. நான் எழுதினது."

காகிதத்தின் அடியில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

"இன்டர்நெட் கனெக்‌ஷன் அவர் பேர்ல இருக்கு, அதனால அடில அவர் பேர் வந்திருக்கு. அவருக்கு ஃபுட் வால்வுன்னா என்னன்னே தெரியாது மேடம். ஃபேக்ஸ வீட்டுக்குக் கொண்டுவந்து என் கைல குடுத்தார், உங்கப்பா ஏதோ கேட்டிருக்கார்னு. என் விசாவுல வேலைக்குப் போகக் கூடாது. வீட்டுல சும்மாதான் இருந்தேன். நான் பட்டறையில வளந்தவ. அப்பாவுக்கு ஒண்ணு செஞ்சோம்னு இருக்கட்டுமேன்னு உக்காந்து தேடினேன். கிடைக்கலைன்னதும், தெரிஞ்சவங்க யாராவது சொல்லுவாங்கன்னு இதுல கேட்டேன். இந்தப் படம் வரையறதுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. 'என் அப்பா' என்று எழுதியிருக்கிறது. வாழ்நாளெல்லாம் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து மேய்ந்து பிழைத்தவர் எங்கள் சார். அவருக்கு அது ஒரு மகள் எழுதியது என்று படவில்லை. அவரிடம் சண்டை போட்டு ஜெயித்த எனக்கும் படவில்லை. நானும் ஒரு அப்பாவுக்கு மகள்தானே! வால்வு, படம், கம்ப்யூட்டர் என்றதும் எழுதியவன் ஆண்பிள்ளை என்று அண்ணாச்சியையும் சேர்த்து மூன்று பேரும் முடிவு கட்டிவிட்டோம். அந்த அப்பா என்ற சொல்லுக்காக ஒரு மனிதர் தன் கண்டுபிடிப்பையே தூக்கிக் கொடுத்தார். எழுதியவள் மகள் என்று தெரிந்திருந்தால், என் பெண் விவரம் தெரியாமல் போட்டுவிட்டாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. மகளும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டிருப்பாள். இனி ஒன்றும் ஆகாது. தாமதமில்லாமல் என்கிறது சட்டம். ஊரெல்லாம் அந்த வால்வு மாட்டியாகிவிட்டது.

சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிற தங்கையே, சிஸ்டம் பார்த்தது. ஒழுங்காகத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தது. வந்ததை வைத்துக்கொண்டு, இதை எழுதியது யார், எதற்காக, அண்ணாச்சியைக் கேட்டுத்தான் போட்டீர்களா என்று ஒரு போன் போட எங்களுக்குத்தான் துப்பில்லை. உங்கள் தேடலில் ஒரு பெயர் வந்தால் அந்த ஆளைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். கட்சிக்காரர் தடுத்தால், அவர் காலில் விழுந்தாவது அனுமதி வாங்குங்கள். குடும்பம், மரியாதை என்று ஆரம்பித்தால் விடாதீர்கள்.

கையெழுத்துப் போட அண்ணாச்சி ஏன் மறுத்தார் என்பதை அன்றைக்கு விளக்கிச் சொன்னதும் அவர் மகள் என் மேஜையிலிருந்த போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பட்டறைக்குப் போட்டாள்.

"அப்பா, அந்த வால்வு படத்த கம்ப்யூட்டர்ல போட்டது அவரு இல்லப்பா. நான்தான்."

மறுமுனையில் என்ன பேச்சு என்று எனக்குக் கேட்கவில்லை.  பிறகு "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"அம்மா மீன்குழம்பு வச்சிருக்கா, சூடு ஆறுறதுக்குள்ள வந்துடுன்னார்." கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல மேடம்? திட்டவே இல்ல."